பகலில் மட்டும் ஒழுகிய பீப்பா

செல்லம்மாக்கா தன் அடுப்படிச் சுவரில் உள்ளங்கையை அழுத்தி எடுத்து, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கை நிறைய ஈரம். சுண்ணாம்பும் கரியும் கலந்து, ரேகைகளுக்குள் இறங்கி மினுங்குகிற சாம்பல் நிற ஈரம்.

"பாத்துக்க. ஓங்க குளிப்பு என் செவுத்துல."

அவளுக்குப் பின்னால் சேலையில் கட்டிய ஏணைக்குள் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது. பிறந்து ஒரு மாதம் ஆகாத பிள்ளை. பனி பெய்கிற காலம். மாலை ஐந்து மணிக்கே தகரக் கூரை விறைத்துப் போய்விடும்.

பீலிக்கரையில் குளிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன் என்று போன வாரம் எழுதியிருந்தேன். "அப்படியானால் எங்கேதான் குளித்தீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கேட்ட விதத்தில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. இந்த வாரம் முழுக்க அவருக்குத்தான்.

எங்கள் குளியலறை

குளியலறை என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் அந்தச் சொல்லை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் கடைசிக் காம்பரா செல்லம்மாக்காவுடையது. அதற்கு முந்தியது எங்களுடையது. அவர்கள் பின்பக்கமாக ஓர் அடுப்படி இறக்கியிருந்தார்கள். அந்த அடுப்படிச் சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, மிச்சத்துக்குத் தேயிலைப் பெட்டிப் பலகை அடித்து, மேலே பழைய தகரம் போட்டு, ஒரு பலகைக் கதவும் மாட்டிக் கட்டிக் கொடுத்தார் முத்துசாமி. முத்துசாமி என் வீட்டுக்காரர். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலரில் வேலை.

உள்ளே மூலையில் கல்லும் மண்ணும் வைத்து ஓர் அடுப்பு. அடுப்பின் வாய் மட்டும் வெளிப்பக்கம். அதன்மேல் ஓர் எண்ணெய்ப் பீப்பா. பீப்பாவின் அடிப்பக்கத்தில், ஹட்டன் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பித்தளைக் குழாய்.

துளை போட்டுக் குழாயை மாட்டி, அதன் கழுத்தைச் சுற்றி ரோட்டுத் தாரைக் காய்ச்சி அப்பியிருந்தார் முத்துசாமி. தோட்டத்து ரோட்டுக்குத் தார் போட்ட வாரத்தில் கிடைத்த உருண்டை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு ஒழுகுகிற எதற்கும் தார்தான் மருந்து. கூரை ஒழுகினால் தார். வாளி ஒழுகினால் தார். ஒருவர் செருப்புக்குக்கூடத் தார் வைத்து ஒட்டிக்கொண்டு, காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் காலை எடுக்க முடியாமல் நின்றிருக்கிறார்.

மாலையில் மலையிலிருந்து இறங்கியதும் மிலாறு வைத்து எரிப்பேன். கவ்வாத்தில் வெட்டி விழும் தேயிலைக் குச்சிக்கு எங்கள் பக்கத்தில் மிலாறு என்று பெயர். சடசடவென்று எரியும். குழாயைத் திருகினால் வெந்நீர். தார் மணமும் புகை மணமும் கலந்த வெந்நீர். அட்டை கடித்துக் கடித்துத் தடித்த கணுக்காலில் அது விழும்போது, உடம்புக்குள் எங்கோ இறுகிக் கிடந்த முடிச்சு ஒன்று தானாக அவிழும்.

குளித்து முடித்ததும் மறுநாளுக்குத் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவோம். விடியற்காலையில் ஏது நேரம்? இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓட வேண்டும். மறுநாள் மாலை பார்த்தால் ஒரு வாளித் தண்ணீர் குறைந்திருக்கும். "பீப்பாவுக்கும் தாகம் எடுக்கும்ல" என்பார் முத்துசாமி. ஆவியாகப் போயிருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.

பீலி

மலையிலிருந்து வருகிற ஓடையைத் தகரத்திலோ மூங்கிலிலோ மடக்கி விழ வைப்பதுதான் பீலி. தூரத்திலிருந்து பார்க்க அழகு. படம் பிடிக்க வருகிறவர்களுக்கு இன்னும் அழகு. குளிக்கிறவளைக் கேட்க வேண்டும்.

எங்கள் பீலி ரோட்டோரம். நெஞ்சுக்கு மேல் ஏற்றிக் கட்டிய பாவாடை நனைந்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து தொரையின் ஜீப் வேகம் குறையும். கணக்கப்பிள்ளையின் சைக்கிளில் காற்று இறங்கும். அந்த இடத்துக்கு வந்ததும் எத்தனை ஆம்பிளைகளுக்குச் செருப்பில் முள் தைத்தது!

நான் பிறந்தது பூண்டுலோயாப் பக்கம். சிறு பெண்ணாக இருந்தபோது, பங்களாவைக் கழுவ ஆள் பற்றாமல் அம்மாவோடு என்னையும் கூட்டிப் போனார்கள். தொரையின் குளியலறை எங்கள் காம்பராவைவிடப் பெரிது. நடுவில் கால் முளைத்த படகு மாதிரி வெள்ளைப் பீங்கான் தொட்டி. ஓர் ஆளுக்கு அவ்வளவு.

"இம்புட்டுத் தண்ணி வேணும்னா தொரை மேல எம்புட்டும்மா அழுக்கு?" என்று அம்மா காதில் கேட்டேன். அம்மா தலையில் ஒரு குட்டு வைத்தாள். குட்டிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

நான் சொல்லும் பீப்பாக் காலம் அதற்குப் பல வருடம் கழித்து. நாடு சுதந்திரம் வாங்கிவிட்டது. நாங்கள் அந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று சட்டமும் வந்துவிட்டது. நிற்கிற மண் எனதில்லை, படுக்கிற காம்பரா எனதில்லை, பறிக்கிற கொழுந்து எனதில்லை. ஒரு பீப்பா வெந்நீர் எனது.

அதில்தான் ஓட்டை என்றாள் செல்லம்மாக்கா.

"காஞ்சு கெடக்கு"

அன்று மாலையே முத்துசாமி குப்பி லாம்பைப் பிடித்துக்கொண்டு பீப்பாவைச் சுற்றி வந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. குழாயின் கழுத்தைத் தடவினார். அடியைத் தடவினார்.

"காஞ்சு கெடக்கு புள்ள. தொட்டுப் பாரு."

தொட்டேன். சுட்டது. காய்ந்துதான் கிடந்தது.

"அப்ப என் செவுத்துல நானே தண்ணிய ஊத்திக்கிட்டேனா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து செல்லம்மாக்காவின் குரல்.

"மழை ஈரமா இருக்கும்க்கா."

"மழை பேஞ்சு எத்தன நாளாச்சு? பொண்டாட்டிக்குச் சுடுதண்ணி காய வைக்கிற அவசரத்துல ஓங்கண்ணுலயும் தார அப்பிக்கிட்டியா முத்துசாமி?"

முத்துசாமி என் பக்கம் குனிந்து, "பொறாம புள்ள. அவங்களுக்கு இல்லாதது நமக்கு இருக்குல்ல" என்றார்.

எனக்கு அது ஒட்டவில்லை. இருமுகிற பிள்ளைக்குப் பக்கத்துச் சுவரில் எந்தத் தாய் தண்ணீர் ஊற்றுவாள்?

மறுநாள் மாலையும் பார்த்தோம். காய்ந்துதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்பு மூட்டிக் குளிக்கிற நாள். அன்று பகலெல்லாம் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. திங்கட்கிழமை செல்லம்மாக்காவின் சுவர் மறுபடி நனைந்தது. அவளுடைய புருசன் பெரட்டில் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார்.

அது கண்டாக்கையாவின் காதுக்குப் போனது. தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கிறவர் அவர். பெரிய கங்காணி ஒருவரின் மகன். எங்கள் பேச்சுத்தான் அவர் பேச்சும். அதனால்தான் அவர் கேட்டது அதிகமாகச் சுட்டது.

"இந்தா, ஓங் கோட்டையில தண்ணி ஒழுகுதாமே?" பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் கேட்டார். "அது தோட்டத்துச் செவுரு. ஒங்கப்பன் கட்டுனதில்ல. நாளைக்குப் பைப்காரனக் கூட்டிக்கிட்டு வாறேன். பீப்பாவ எறக்கிப் பலகையப் பிரிச்சிருவோம்."

"ஒழுகுனா அடைச்சிக்கிறோம்ங்க ஐயா. பிரிக்க வேணாம்."

"ஒழுகலேன்னுதானே ஓம் புருசன் சாதிக்கிறான்? ஒழுகாதத எப்படி அடைப்ப?"

குனிந்து கூடையை எடுத்தேன்.

"எல்லாப் பொம்பளையும் பீலியிலதான் குளிக்கிறாளுக. ஒனக்கு மட்டும் என்ன, மகாராணி ஒடம்பா?"

களம் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். கூடைக் கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். அன்று பறித்த ஒவ்வொரு கொழுந்தும் யாருடையதோ கழுத்து மாதிரி இருந்தது.

பேர் விழாத நாள்

"பிரிச்சா பிரிக்கட்டும் புள்ள. வேற எடத்துல கட்டுவோம்" என்றார் முத்துசாமி, சாப்பிடும்போது.

"வேற எடம் யாரு தோட்டத்துல இருக்கு?"

அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

"நாளைக்கு நான் பெரட்டுக்குப் போகல."

"பேரு விழாதே! கூலி போயிருமே!"

"விழாமப் போகட்டும். அந்திக்குப் பாத்தாச்சு, ஞாயித்துக்கெழம பாத்தாச்சு. நம்ம ரெண்டு பேரும் பாக்காத நேரம் ஒண்ணுதான் இருக்கு. வேல நாளுல பகலு."

மறுநாள் விடிந்தது. லயம் காலியானது. களத்தில் என் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் பீப்பாவுக்கு முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலை நாளின் பகலில் லயத்தை நான் பார்த்ததே இல்லை. ஆளில்லாத இஸ்தோப்புத் திண்ணைகளில் வெயில் வந்து உட்காருகிறது. கோழிகள் யாருக்கும் பயப்படாமல் காம்பராவுக்குள் போய் வருகின்றன. தகரம் சூடேறி டிக் டிக் என்கிறது. எங்கள் வீட்டில் இத்தனை வெளிச்சம் இருக்கிறது. தினமும் அது வருகிறது, யாரும் இல்லை என்று கண்டு திரும்பிப் போய்விடுகிறது.

பீப்பாவைத் தொட்டேன். அடுப்பில் கடைசிக் கங்கும் அவிந்து, ஐஸ் மாதிரி இருந்தது.

சுவருக்கு இரு பக்கம்

"யாரு, பவளமா? ஒடம்புக்கு என்னா?" சுவருக்கு அப்பாலிருந்து செல்லம்மாக்கா.

"ஒண்ணுமில்லக்கா. பீப்பாவுக்குக் காவல் இருக்கேன்."

"அப்புடியே திருடனப் புடிச்சிரு."

"நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருங்க. நனைஞ்சா சத்தம் குடுங்க."

"நான் சொன்னாத்தான் பொய்யாச்சே."

"அதுக்குத்தான்க்கா வேலைக்குப் போகாம ஒக்காந்திருக்கேன்."

 பிள்ளை இருமியது. பிறகு, "ம்" என்று மட்டும் வந்தது.

வெயில் தேயிலைக்கு மேல் ஏறி வந்தது. என் பக்கத்தில் எல்லாம் காய்ந்து கிடந்தது. குழாயின் வாய் காய்ந்திருந்தது, கீழே தரையும் அப்படியே. நான் ஏமாந்துவிட்டேனோ என்று நினைத்த நேரம்:

"பவளம்! எறங்குது! இப்ப எறங்குது பாரு, பல்லி ஓடுற மாதிரி!"

பாய்ந்து பார்த்தேன். எங்கே? கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கரி பிடித்த பீப்பா. கறுப்பின்மேல் தண்ணீர் எப்படித் தெரியும்?

காம்பராவுக்குள் ஓடித் தேயிலைத் தூள் டின்னை எடுத்து வந்தேன். நல்லதெல்லாம் கப்பலேறிப் போன பிறகு தோட்டத்து ஆட்களுக்குக் கொடுக்கிற தூசி. மா மாதிரி இருக்கும். ஈரம் பட்டால் சாயம் இறங்கிவிடும். அதைப் பீப்பாவின் அடி விளிம்பைச் சுற்றித் தடவினேன். அடுப்புத் திண்டில் சாம்பலைத் துடைத்துவிட்டு அங்கேயும் தூவினேன்.

சுவர் ஓரத்தில், பீப்பாவுக்குப் பின்னால், முதல் சிவப்புப் பொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

அதிலிருந்து விரலை வைத்து விளிம்போடு பின்னோக்கி வந்தேன். தூள் நனைந்து குழைந்திருந்த வழி. அது பின்பக்கத்திலிருந்து வளைந்து வளைந்து முன்னுக்கு வந்து குழாயின் கழுத்தில் முடிந்தது. அங்கே பித்தளைக்கும் தாருக்கும் நடுவில் மயிர்க்கோடு மாதிரி ஒரு பிளவு. பீப்பா ஒரு சுண்டு விரலளவு சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அதனால் தண்ணீர் முன்னால் சொட்டாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், இடுக்கில் விழுந்து, செல்லம்மாக்காவின் சுவரில் ஊறியிருக்கிறது.

தார் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். குளிரில் இறுகிப் பித்தளையை விட்டு விலகும். நாங்களோ ஒவ்வொரு தடவையும் நெருப்பை மூட்டிவிட்டுத்தான் ஓட்டையைத் தேடினோம். வெந்நீருக்கு வைத்த நெருப்பே ஓட்டையையும் மூடி வைத்திருந்தது.

"செல்லம்மாக்கா, நீங்க சொன்னது நெசம். ஒழுகுது."

"இத்தன நாளா நான் என்ன தாலாட்டா பாடுனேன்?"

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்துவிட்டாள். பிளவைக் குனிந்து பார்த்தாள். நகத்தை விட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டுக்காணி ஓட்டைக்கா எம் புள்ள இருமுது? இப்ப என்ன செய்யப் போற?"

"கழட்டப் போறேன். ரெண்டு பக்கமும் ரப்பர் வச்சு இறுக்கணும். ரப்பருக்குத்தான்…"

அவள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அந்தப் பக்கம் கத்தி அறுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது அவள் கையில் லொறி டியூப் துண்டு. அவளுடைய அடுப்படிக் கதவுக்குக் கீலாகக் கட்டியிருந்தது.

"கதவு?"

"சாஞ்சு நிக்குது. நீ வேலயப் பாரு."

பீப்பாவுக்குள்ளிருந்து

தண்ணீரை எல்லாம் வாரி இறைத்தோம். குளிரில் இறுகியிருந்த தார், கத்தியை வைத்து நெம்பியதும் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. முத்துசாமியின் ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினேன். டியூப்பில் இரண்டு வளையம் வெட்டினேன். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்குத் துண்டுக்குப் படங்கு என்று பெயர். என் படங்கிலிருந்து நூல் உருவி, வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தடவி, குழாயின் திருகு மரையில் சுற்றினேன்.

உள்ளே ஒரு நட்டு இருக்கிறது. அதை ஒருவர் பிடிக்க வேண்டும், வெளியே ஒருவர் திருக வேண்டும். பிள்ளையை என் கொழுந்துக் கூடைக்குள் கிடத்தினோம். அன்று அதற்கு வேறு வேலை இல்லையே. நான் வாளிமேல் ஏறித் தலைகீழாகப் பீப்பாவுக்குள் இறங்கினேன். இடுப்புக்கு மேல் உள்ளே.

அப்போதுதான் வெளியே பூட்ஸ் சத்தம்.

"யாரு பீப்பாவுக்குள்ள?"

"நான்தானுங்க ஐயா. பவளம்." என் குரல் கோயில் மணிக்குள்ளிருந்து வருவது போல எனக்கே கேட்டது.

"வேலைக்கு வராம அதுக்குள்ள என்ன பண்ற?"

"ஒழுகுதுங்க. அடைக்கிறேன்."

"ஒழுகலேன்னு சொன்னீங்க!"

"அப்ப தெரியல, இப்ப தெரியும். எங்க பீப்பாதான் ஒழுகுச்சு. நாங்கதான் அடைக்கணும்."

"பீப்பாவ எறக்குடா" என்று பைப்காரரிடம் சொன்னார் கண்டாக்கையா.

"உள்ள ஆளு இருக்குங்களே, ஐயா."

"வெளிய வாடி!"

"நட்டு இன்னும் இறுகலீங்க. அக்கா, இன்னொரு சுத்து!"

செல்லம்மாக்கா திருகினாள். அவளுடைய வளையல் சத்தம் பீப்பா முழுக்க அதிர்ந்தது. கண்டாக்கையா இப்போது அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

"நீதானே செவுரு ஈரம்னு முறைப்பாடு சொன்ன? ஒனக்காகத்தான் வந்திருக்கேன். நீயே அவளோட சேந்துக்கிட்டு நிக்கிற?"

"ஈரம்னு சொன்னேங்க ஐயா. ஒடைக்கச் சொல்லலையே."

நட்டு இறுகியது. வெளியே வந்தேன். முகமெல்லாம் கரி, தலையெல்லாம் துரு. கண்டாக்கையா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். அதுவரை அவரை நேருக்கு நேர் நான் பார்த்ததில்லை. ஒரு கண்ணுக்குக் கீழே சின்ன மரு இருந்தது.

பச்சைத் தண்ணீரை நாலு வாளி கொண்டுவந்து ஊற்றினோம். விளிம்பைத் துடைத்து, புதிதாகத் தேயிலைத் தூள் தடவினேன்.

"ஒரு சொட்டு விழுந்தாலும் சாயம் எறங்கும்ங்க. இருந்து பாத்துட்டுப் போங்க."

பார்த்தார். பைப்காரர் குந்தி உட்கார்ந்து அருகே போய்ப் பார்த்தார். தூள் தூளாகவே இருந்தது.

"நல்லா புடிச்சிருக்குங்க ஐயா" என்றார் அவர்.

"இப்ப நிக்கும். சூடாக்குனா ரப்பர் இளகிக் கொட்டும். எனக்குத் தெரியாதா?"

"பத்த வைக்கிறேங்க. இருங்க."

வெளிப்பக்கம் போய் மிலாறை வைத்து மூட்டினேன். புகை கண்டாக்கையாவின் பக்கமாகவே போனது. நான் விசிறவில்லை, காற்று அப்படி. பீப்பா முனகத் தொடங்கியது. தண்ணீர் காய்ந்து ஆவி எழுந்தது. தூள் அப்படியே இருந்தது.

பைப்காரர் தன் ஸ்பேனரைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டார்.

"ஈரம் இல்லேன்னாலும் இது தோட்டத்துச் செவுரு" என்றார் கண்டாக்கையா. "யாரக் கேட்டுக் கட்டுனீங்க? தொரைகிட்ட சொல்லுவேன்."

"சொல்லுங்க" என்றேன். "ஒழுகுறது நின்னுருச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க."

அவர் நகரவில்லை. பேச்சுத் தீர்ந்து போன மனிதர், ஆனால் நின்றுகொண்டே இருந்தார். நின்றால் நாங்கள் தலை குனிவோம் என்று பழகிப்போன நிற்பு.

செல்லம்மாக்கா முந்தானையை உதறினாள். "காஞ்ச தண்ணிய மண்ணுல ஊத்தவா முடியும்? பவளம், புள்ளயப் பாத்துக்க. பெத்த ஒடம்பு, நான் குளிக்கிறேன்."

உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்குள்ளிருந்து சொன்னாள்:

"ஐயா கொஞ்சம் அங்கிட்டுப் போங்க. சேலைய அவுக்குறேன்."

பைப்காரர் முதலில் திரும்பி நடந்தார். கண்டாக்கையா வாயைத் திறந்தார். வேலை நாள், தோட்டம், தொரை என்று ஏதோ வர இருந்தது. அதற்குள் உள்ளே பித்தளைக் குழாய் கிறீச்சிட்டுத் திறந்தது. வாளியில் வெந்நீர் விழுந்தது. அதைத் தலைக்கு ஊற்றிக்கொண்ட ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து, நீளமாக, யாருக்கும் பயப்படாமல், "அம்ம்மாடி" என்று ஒரு சத்தம் வந்தது.

அவர் எப்போது படி இறங்கிப் போனார் என்று நான் பார்க்கவில்லை.

"பவளம், ஆறிரப் போகுது புள்ள! இன்னுங் கொஞ்சம் மிலாறு வை!"

வைத்தேன்.